மச்சாதுவின் களைக்கணக்கு

காலை பத்து மணிக்கு மச்சாதுவின் களைக்கணக்கு நாற்பத்தாறு என்று பலகையில் ஏறியது.

அதாவது, கடலுக்கடியில் தொள்ளாயிரம் மீட்டர் ஆழத்தில் ஒரு குமிழறைக்குள் தனியாக உட்கார்ந்திருந்த கபிரியேல் மச்சாது, அந்த மணிநேர அறிக்கையில் நாற்பத்தாறு சொற்களை வீணாகப் பேசியிருந்தார். களைவி என்ற இயந்திரம் அத்தனையையும் பிடுங்கித் தன் கூடையில் போட்டுக்கொண்டு, செய்தி உள்ள சொற்களை மட்டும் மேலே அனுப்பியிருந்தது. மேலே மிதக்கும் நிலையத்தில் ஒலிபெருக்கி அதைப் படித்தது. "பம்பு மூன்றும் இயக்கம். நீர் எட்டு டிகிரி. இரண்டாம் வடிகட்டி மாற்றப்பட்டது. காற்று இயல்பு." படித்தது களைவியின் சொந்தக் குரல். அந்தக் குரலுக்குச் சளி பிடிக்காது, மூச்சு வாங்காது.

"இன்னைக்கும் நாப்பத்தாறா!" என்று சிரித்தார் நிலையத் தலைவர் மீரான். "இந்த மனுசன் திருந்தவே மாட்டாரு."

பக்கத்தில் இருந்த கயற்கண்ணி, "மாட்டார்" என்றாள். களைவியைச் செய்தவள் அவள்தான்.

தூத்துக்குடியிலிருந்து நாற்பது கிலோமீட்டர் தள்ளிக் கடலில் மிதந்த அந்த நிலையம் செய்த வேலையை எத்தனை முறை பாராட்டினாலும் தகும். ஆழத்தின் குளிர்ந்த நீரைப் பெரிய குழாய் வழியே மேலே இழுப்பார்கள். கடல் மேற்பரப்பின் வெதுவெதுப்பான நீரைக் காற்றழுத்தம் குறைந்த கலத்தில் கொதிக்கவிட்டு, அந்த ஆவியைக் குளிர்நீரால் குளிர வைப்பார்கள். சொட்டுவது நல்ல குடிநீர். மூன்று மாவட்டங்களுக்குக் குழாயில் வந்தது அந்தத் தண்ணீர்தான். கீழே குழாயின் வாயில் பம்புகளைப் பார்த்துக்கொள்ளக் குமிழறையில் முறைக்கு ஒருவர், பத்து நாள்.

சிக்கல் பேச்சில்தான் இருந்தது. ஆழ்கடலோடு ஒலி மூலம்தான் பேச முடியும். மனிதர்களின் ஓசையால் ஓங்கில் என்ற டால்பின்களும் கடற்பசுக்களும் வழி தவறிச் சாகின்றன என்று தெரிந்தபிறகு, கடலமைதிச் சட்டம் வந்தது. ஒரு நிலையத்துக்கு ஒரு மணி நேரத்தில் நாற்பது விநாடி ஓசைதான் அனுமதி. நாற்பது விநாடியில் பம்பு, அழுத்தம், வெப்பம், காற்று எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டும். நம் ஆட்கள் "ஹலோ, கேக்குதா, கேக்குதா" என்று ஆரம்பிப்பதற்குள்ளேயே பாதி போய்விடும்.

அந்த நேரத்தில்தான் கயற்கண்ணி வந்தாள். மதுரைக்காரி, வயது இருபத்தொன்பது. இயந்திரக் கையேடுகளைச் செப்பம் செய்யும் வேலையில் இருந்தவள். தொழில்நுட்ப ஆங்கிலத்தில் ஒரே பொருள் இரண்டு தடவை வருவதை அவள்தான் உட்கார்ந்து எண்ணினாள். எல்.சி.டி. என்பதன் கடைசி எழுத்தே டிஸ்ப்ளே; அப்புறமும் எல்.சி.டி. டிஸ்ப்ளே என்கிறார்கள். ஏ.டி.எம். என்பதிலேயே மெஷின் இருக்கிறது, மறுபடி ஏ.டி.எம். மெஷின். எல்.பி.ஜி.யின் கடைசி எழுத்து கேஸ். பின்னாடியே இன்னொரு கேஸ். பி.ஐ.என். நம்பரில் இரண்டு நம்பர். இப்படி நான்காயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு தொடர்களைப் பிடித்தாள். ஆங்கிலேயர்கள் இரண்டோடு நிறுத்தினார்கள். நாம் விடுவோமா? எல்.சி.டி. டிஸ்ப்ளே திரை என்று மூன்றாவதாகத் தமிழையும் ஏற்றி மாடி கட்டியிருந்தோம்.

அந்தப் பட்டியலிலிருந்துதான் களைவி பிறந்தது. முதலில் இரட்டைச் சொற்களைக் களைந்தது. பிறகு கேட்பவருக்கு ஏற்கெனவே தெரிந்ததைக் களையக் கற்றது. அதன்பின் முகமன், குசலம், இழுவை எல்லாம் களை ஆயின. ஒரே ஆண்டில் கரைக்கும் பரவியது. பேருந்து நிலைய அறிவிப்புகள் முதல்முறையாகப் புரிந்தன. நீதிமன்றத்தில் பத்து வருட வழக்குகள் பத்து நாளில் முடிந்தன. ஒரு மந்திரியின் நாற்பது நிமிட உரை களைவியில் நுழைந்து இரண்டு வரியாக வெளியே வந்தது. ஜனங்கள் அந்த இரண்டு வரிக்குக் கைதட்டினார்கள். இவ்வளவும் செய்த பெண், பாராட்டு விழாவில் "நன்றி" என்று மட்டும் சொல்லி உட்கார்ந்தாள். எனக்கு அவளைப் பிடித்துப்போனது அன்றைக்குத்தான்.

அவள் பேச்சே அப்படி. எண்ணி வைத்தாற்போல் இருக்கும். தன் போனிலும் களைவியைப் போட்டு வைத்திருந்தாள். பழங்காநத்தத்திலிருந்து அவள் அம்மா அம்சவேணி ஞாயிறுதோறும் பேசுவது அவள் காதுக்கு "நலம். மழை. மாமா வீட்டில் பெண் குழந்தை" என்று வந்து சேரும். அவளும் "மகிழ்ச்சி" என்பாள். வேலை முடிந்தது.

இப்படிப்பட்டவளுக்கு எதிரே கடவுள் ஒரு கபிரியேல் மச்சாதுவைப் படைத்தார்.

ஐம்பத்து நான்கு வயது. பம்பு வேலையில் அவரை அடிக்க ஆள் கிடையாது. ஓடும் பம்பில் கையை வைத்துப் பார்த்தே எந்த பேரிங் தேய்கிறது என்று சொல்லிவிடுவார். ஆனால் வாயைத் திறந்தால் எல்லாமே இரண்டிரண்டாக வரும். எல்.இ.டி. லைட்டு விளக்கு. பில்டர் வடிகட்டி. ஏ.சி. கரண்டு மின்சாரம். ஒருமுறை மேல்தளத்தில் மீரான் ஒரு மரியாதைக்கு "சாப்பிட்டாச்சா மச்சாது?" என்று கேட்டுவிட்டார். மாங்காய் போட்ட நெத்திலிக் கருவாட்டுக் குழம்பில் தொடங்கி, அந்த மாங்காயை யார் வீட்டு மரத்திலிருந்து பறித்தது என்பது வரை பதினான்கு நிமிடம் பதில் வந்தது. கயற்கண்ணி நேரம் பார்த்து வைத்திருந்தாள்.

"ஏன் அண்ணே ரெண்டு தடவை சொல்றீங்க?" என்று அவளே ஒருநாள் கேட்டாள்.

"இஞ்சினியரம்மா, அங்ஙன கீழ பேச்சுத் தொணைக்கு யாரு இருக்கா? ஒத்தச் சொல்லா சொன்னா சொல்லுக்கே பயமா இருக்கும்லா" என்றார் மச்சாது. "உங்க மிசினு கருவி எவ்வளவு வேணும்னாலும் வெட்டட்டும். நான் சொல்லுதத சொல்லிக்கிட்டேதான் இருப்பேன்."

அவள் கோபப்படவில்லை. வெட்டிய சொல்லின் எண்ணிக்கையையாவது எல்லாரும் பார்க்கட்டும் என்று, ஒவ்வொரு அறிக்கையோடும் களைக்கணக்கும் மேலே வரும்படி செய்தாள். ஓர் எண், அவ்வளவுதான். மற்றவர்கள் எல்லாரும் ஐந்து, ஆறு என்று இறங்கிவிட்டார்கள். பதினாறு மாதத்தில் மச்சாது முப்பத்தெட்டுக்குக் கீழே வந்ததே இல்லை. "இவரு கணக்கு சுழியம் காட்டுற அன்னைக்கு நிலையம் முழுக்க என் செலவுல அல்வா" என்று மீரான் எல்லார் முன்னாலும் சொல்லியிருந்தார்.

அன்று பதினோரு மணிக்கு முப்பத்தொன்று வந்தது.

அறையில் லேசான சலசலப்பு. பன்னிரண்டுக்குப் பதினான்கு. ஆட்கள் வேலையை விட்டுவிட்டுப் பலகையைப் பார்க்க வந்தார்கள். ஒரு மணிக்கு ஐந்து. மீரான் படகில் வந்திருந்த அல்வாப் பெட்டியை எடுத்துவரச் சொன்னார். வேறு விசேஷத்துக்கு வாங்கியதாம், பரவாயில்லையாம். இரண்டு மணிக்குக் களைவி படித்தது.

"பம்பு மூன்றும் இயக்கம். நீர் எட்டு டிகிரி. காற்று இயல்பு."

களைக்கணக்கு: சுழியம்.

அறை அதிரக் கைதட்டினார்கள். மச்சாதுவே திருந்திவிட்டார் என்றால் இந்த நாட்டில் யார்தான் திருந்தமாட்டார்கள்? மீரான் முதல் துண்டைக் கயற்கண்ணியிடம் நீட்டினார். "உன் மிசினுக்கு இதைவிட என்னம்மா பரிசு வேணும்!" அவளுக்கும் பெருமையாகத்தான் இருந்தது, மறைத்து என்ன. கையில் நெய் ஒழுக அல்வாவை வைத்துக்கொண்டு பலகையில் இருந்த ஐந்து எண்களை மறுபடி பார்த்தாள். நாற்பத்தாறு, முப்பத்தொன்று, பதினான்கு, ஐந்து, சுழியம்.

அல்வா வாய்க்குப் போகவில்லை.

"சார், இது திருந்தினது இல்லை" என்றாள்.

"பின்னே?"

"திருந்துறவங்க கணக்கு தடுமாறும். இன்னைக்கு இருபது, நாளைக்கு முப்பது. எல்லார்கிட்டயும் அப்படித்தான் வந்துச்சு. இது ஒரே இறக்கமா இறங்கியிருக்கு. நாலு மணி நேரத்துல."

மீரான் முகத்தில் இன்னும் சிரிப்பு இருந்தது. "காத்து இயல்புன்னு வருதேம்மா. அழுத்தம் சரியா இருக்கு. பம்பு ஓடுது."

"காத்து இயல்புன்னு சொல்றது சுவத்துல இருக்கிற கருவி. அது தானா சேர்ந்து வரும். அவர் பேசினது முதல் ரெண்டு வரிதான்."

மீரான் சிரிப்பை நிறுத்தினார். கடலில் முப்பது வருடம் இருந்தவர். கரியமில வாயு ஏறினால் மனிதன் கத்தமாட்டான், பேச்சுக் குறைந்து சாய்ந்துவிடுவான் என்று அவருக்குத் தெரியும். ஆனால் எல்லாக் கருவிகளும் நலம் என்று சொல்லும்போது, ஓர் ஆள் சுருக்கமாகப் பேசிவிட்டார் என்பதற்காக என்ன செய்ய முடியும்? குமிழறையை மேலே எடுக்க ஒரே வழி, அடி எடையைக் கழற்றிவிடுவது. கழற்றினால் குழாயும் கழன்றுவிடும். திரும்ப மாட்ட ஐந்து நாள். மூன்று மாவட்டங்களில் குழாய் வறண்டுபோகும்.

"இந்த மணிக்கு எவ்வளவு ஓசை பாக்கி இருக்கு?" என்றார்.

"ஒன்பது விநாடி."

"கேட்டுப் பாரு. எப்படி இருக்கீங்கன்னு கேளு."

"நலம்னு சொல்லிடுவார். எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க." கயற்கண்ணி ஒரு கணம் யோசித்தாள். பிறகு ஒலிவாங்கியை இழுத்து, அவள் வாயில் அதுவரை யாரும் கேட்டிராத ஒன்றைக் கேட்டாள். "சாப்பிட்டீங்களா அண்ணே?"

பலகையில் எழுத்து வந்தது: அனுப்புவதற்குச் செய்தி இல்லை.

கேள்வி முழுவதையும் களைவி பிடுங்கிக் கூடையில் போட்டிருந்தது. அதன் மேல் தப்புச் சொல்ல முடியாது. சாப்பாட்டு விசாரணை செய்தி அல்ல என்று அதற்குக் கற்றுக்கொடுத்தவளே அவள்தான். "சார், உங்க சாவி" என்றாள். களைவியை நிறுத்தத் தலைவரின் சாவியும் அவள் சாவியும் வேண்டும். இருவரும் திருகினார்கள். பதினாறு மாதத்தில் முதல்முறையாக அது நின்றது.

"மச்சாதண்ணே, சாப்பிட்டீங்களா?"

கீழே போக ஒரு விநாடிகூட ஆகாது. மூன்று விநாடி போனது. நான்கு. அப்புறம் அவர் குரலே வந்தது, களைவியின் குரல் அல்ல. எங்கோ தூக்கத்தில் புரண்டு படுப்பவரின் குரல்.

"ம்."

அல்வா தட்டு மேசையில் அப்படியே இருந்தது.

"எடையைக் கழற்று" என்றார் மீரான்.

"சார், மூணு மாவட்டம்…" என்று யாரோ இழுத்தார்கள்.

"தண்ணிய லாரியில அனுப்பிக்கிடலாம்" என்றார் மீரான். "ஆளை?"

குமிழறை மேலே வரப் பதினெட்டு நிமிடம் ஆனது. அந்தப் பதினெட்டு நிமிடமும் கயற்கண்ணி தளத்தின் விளிம்பில் நின்றாள். தான் நினைத்தது தவறாக இருக்கவேண்டும், மச்சாது கதவைத் திறந்ததும் தன்னை நாலு வார்த்தை திட்டவேண்டும், அந்த நாலும் எட்டாக வரவேண்டும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தாள். ஒரே வேண்டுதலைத் திரும்பத் திரும்பச் சொல்கிறோம் என்பது அப்போது அவளுக்கு உறைக்கவில்லை.

கதவைத் திறந்தபோது மச்சாது நாற்காலியில் சாய்ந்து கிடந்தார். முகம் சிவந்து வியர்வை கொட்டியது. உயிர் இருந்தது. ஆக்ஸிஜன் முகமூடியைப் பொருத்தி வெயிலில் கிடத்தினார்கள். கரியமில வாயுவை உறிஞ்சும் கருவியின் விசிறி நின்றுபோயிருந்தது. அதை எச்சரிக்க வேண்டிய அளவுமானியின் உணரியில் ஒரு சொட்டு நீர் கோத்துக்கொண்டு, காலையில் காட்டிய எண்ணையே நாள் முழுக்கக் காட்டியிருந்தது. இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் சொல்வதற்கு ஒன்றுமில்லை என்றார் நிலைய மருத்துவர்.

கால் மணி நேரம் கழித்து மச்சாது முகமூடியை விலக்கினார்.

"இஞ்சினியரம்மா," என்றார். "அந்தக் கரியமில வாயு கேஸு உறிஞ்சுத மிசினு கருவி இருக்குல்லா, அதுல பேன் விசிறி நின்னு போச்சு போல."

மீரான் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கயற்கண்ணி திருப்பிக்கொள்ளவில்லை, எல்லார் முன்னாலும் அழுதாள். "சொல்லுங்க அண்ணே, இன்னும் சொல்லுங்க" என்றாள்.

"பேசணும்னே தோணலம்மா. நாக்கு மேல எழும்பல. நீங்க சாப்ட்டீங்களான்னு கேட்டது கேட்டுச்சு. சொல்லத்தான் நெனைச்சேன். காலையில அவிச்ச கெழங்கு…" என்று ஆரம்பித்தவர் அரை மணி நேரம் நிறுத்தவில்லை. ஒருவரும் நேரம் பார்க்கவில்லை.

தன் கருவியின் கூடையில் கிடந்ததுதான் முக்கியமான செய்தி என்று புரிந்ததும், கயற்கண்ணி வீம்பு பிடிக்கவில்லை. ஆறே மாதத்தில் களைவியைப் பிரித்து மிகைமானியாக மாற்றினாள். இப்போது அது எந்தச் சொல்லையும் வெட்டுவதில்லை. அனுப்ப வேண்டியதைத் தனியாகச் சுருக்கி அனுப்பிவிட்டு, பேசுகிறவரின் வீண்பேச்சு அவருடைய வழக்கத்திலிருந்து குறைகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். குறைந்தால் சிவப்பு விளக்கு. தூக்கம் தொட்ட லாரி ஓட்டுநர், மூளையில் ரத்தம் கட்டத் தொடங்கிய ஆசிரியை, வீட்டில் எரிவாயு கசிந்தது தெரியாமல் போனில் பேசிக்கொண்டிருந்த ஒரு மனிதர் என்று முதல் ஆண்டிலேயே பதினேழு பேரை அது காப்பாற்றியது. செய்த தவறையே திருப்பிப் போட்டு இப்படி ஒரு கருவியாக்க எத்தனை பேருக்கு மனசு வரும்?

ஆனால் அரசாங்கக் குழு என்று ஒன்று இருக்கிறதே. ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு வழக்கம் என்பது படிவத்தில் அடங்கவில்லை. ஆளுக்கு மணிக்குக் குறைந்தது பதினொரு மிகைச்சொல் என்று பொதுவிதி போட்டுவிட்டார்கள். அதற்குக் கீழே போனால் பணியிலிருந்து இறக்கி மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.

விதி அமலான முதல் நாள் காலை, ஒன்பதரை மணிக்கு, நிலையத்தில் ஒரே ஒரு மேசையில் சிவப்பு விளக்கு எரிந்தது. அது கயற்கண்ணியின் மேசை.

மருத்துவர் மிகைமானியோடு வந்து எதிரே உட்கார்ந்தார். "என்ன செய்யுது உங்களுக்கு?"

"ஒண்ணுமில்ல."

விளக்கு இன்னும் சிவந்தது.

"எனக்குத் தெரியும், நீங்க நல்லாத்தான் இருக்கீங்க" என்றார் மருத்துவர், சிரிப்பை அடக்கிக்கொண்டு. "ஆனா நான் கையெழுத்துப் போடணும்னா விளக்கு பச்சையாகணும். சொந்தக்காரங்க யார்கிட்டயாவது பேசுங்க. விதியிலயே இருக்கு."

கயற்கண்ணி போனை எடுத்தாள். அம்மாவின் பெயரைத் தொட்டபோது அருகிலேயே களைக்கணக்கு தெரிந்தது. நிலையத்தில் மாற்றியவள் தன் போனில் பழைய களைவியை மாற்ற மறந்திருந்தாள். இரண்டு வருட ஞாயிற்றுக்கிழமைகள் வரிசையாக இருந்தன. முதல் ஞாயிறு இருநூற்றுப் பன்னிரண்டு. பொங்கலுக்கு நூற்று நாற்பது. ஆடியில் அறுபது. அடுத்த வருடம் ஒன்பது. போன ஞாயிறு சுழியம்.

ஒரே இறக்கமாக இறங்கிய இப்படி ஒரு கணக்கை அவள் ஏற்கெனவே ஒருமுறை பார்த்திருக்கிறாள். அம்மா சொன்ன அத்தனையும் கூடையில் விழுந்துகொண்டிருந்தது. எதற்கும் மகளிடமிருந்து பதில் வராததால் அம்மா ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டே வந்திருக்கிறாள். அல்லது நிஜமாகவே உடம்புக்கு ஏதோ. எது என்று தெரியவில்லை. எதுவாக இருந்தாலும் பயமாக இருந்தது.

களைவியைப் போனிலிருந்து மொத்தமாக நீக்கிவிட்டு அழைத்தாள்.

"சொல்லு" என்றாள் அம்சவேணி.

"அம்மா, சாப்பிட்டியா?"

எதிர்முனையில் அடுப்படியில் ஏதோ பாத்திரத்தை இறக்கி வைக்கும் ஓசை கேட்டது. பிறகு அம்சவேணியின் குரல் மாறியிருந்தது.

"கயலு… என்னடி ஆச்சு உனக்கு?"

"ஒண்ணுமில்லம்மா. சும்மாதான்."

"சும்மாவா? நீ இப்படியெல்லாம் கேக்குற ஆளே கெடையாதே. காய்ச்சலா? விழுந்து கிழுந்து வச்சியா? பக்கத்துல யாரு இருக்கா, அவங்ககிட்ட போனைக் குடு."

"இல்லம்மா, நல்லா இருக்கேன்மா, நிஜமா நல்லாத்தான் இருக்கேன், சத்தியமா ஒண்ணுமே இல்லம்மா, நீ சாப்பிட்டியா, என்ன குழம்பு வச்ச, அதைச் சொல்லு முதல்ல…"

மேசையில் விளக்கு பச்சையானது. மருத்துவர் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்தார்.

"இதைக் கேட்டா எனக்கு இன்னும் பயமா இருக்கு" என்றாள் அம்சவேணி. "நீ படுத்துக்க. நான் அடுத்த பஸ்ஸப் பிடிச்சுக் கிளம்பி வர்றேன்."